வகுப்பறையின் சுருதி

நம் ஊர் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் இசை வகுப்பு என்று தனியாகப் பெரும்பாலும் எதுவும் கிடையாது. ஆனால் நாள் முழுக்க அங்கே இசை நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆசிரியர் உள்ளே நுழைந்ததும் முப்பது பிள்ளைகள் எழுந்து நின்று சொல்லும் வணக்கத்துக்கு ஒரு மெட்டு உண்டு. ‘வணக்கம்’ ஓரிடத்தில் நிற்கும், ‘டீச்சர்’ சற்று மேலேறும், கடைசி எழுத்து நீண்டு இழைந்து இறங்கும். இதை யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை. போன வருடத்துப் பிள்ளைகளிடமிருந்து இந்த வருடத்துப் பிள்ளைகளுக்குக் காது வழியாக வந்து சேர்ந்தது. வாய்ப்பாட்டுக்கு ஒரு ராகம், ஆத்திசூடிக்கு வேறொரு நடை. சத்துணவு வரிசையில் நிற்கும்போது தட்டின் பின்புறத்தில் விரல்கள் போடும் தாளம் இன்னொன்று. இத்தனையும் இருக்கிற இடத்தில் இசைக் கல்வி இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

சட்டத்திலேயே அதற்கு இடம் வைக்கவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக் கல்விக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு அப்படி ஒரு வரி இல்லை. தமிழ்நாட்டில் 2012இல் நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களும் அந்த மேல்வகுப்புகளுக்கென்று வந்தவர்கள்தான். காது எதையும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும் ஐந்திலிருந்து பத்து வயதுவரை, பாட்டுக்கென்று ஓர் ஆள் கிடையாது. தமிழ், கணக்கு, அறிவியல் என எல்லாவற்றையும் நடத்தும் அதே ஆசிரியர்தான் பாட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆள் வராத இந்த இடத்துக்குத்தான் திரை வந்து சேர்ந்தது. 2018இல் வந்த புதிய பாடநூல்களின் பக்கங்களில் கியூஆர் கோடு அச்சாகியிருந்தது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அதன் பிறகு அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகளை அமைக்கும் திட்டம் வந்தது. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 முதல் பாட்டையும் ஆட்டத்தையும் பாடத்தின் நடுவிலேயே கொண்டுவந்து வைத்தது. இவை எல்லாவற்றையும் நான் மனதார வரவேற்கிறேன். கரும்பலகையின் பூச்சே உதிர்ந்து கிடந்த பள்ளிகளுக்கு ஒளியும் ஒலியும் வந்தது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பாட்டைப் பொறுத்தவரை, வந்த கருவியிடம் நாம் எந்த வேலையைக் கொடுத்திருக்கிறோம் என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஓர் இரண்டாம் வகுப்பில் ஒரு பாடல் வீடியோவைத் திரையில் போட்டபோது உடன் உட்கார்ந்திருந்தேன். முயல்கள் துள்ளின, கீபோர்டு ஒலித்தது, கணினியில் அமைத்த தாளம் சீராக ஓடியது. நன்றாகப் பயின்ற ஒரு குரல் பாடியது. முதல் அடியைப் பிள்ளைகள் உற்சாகமாகச் சேர்ந்து பாடினார்கள். நடுவில் இடையிசை வந்ததும் சிலர் முந்திக்கொண்டு அடுத்த அடியைத் தொடங்கிவிட்டுத் திருதிருவென்று விழித்தார்கள். இரண்டாவது கண்ணியில் வகுப்பே அரை அடி பின்தங்கிப்போனது. மூன்றாவதில் உதடுகள் அசைந்தன, குரல் இல்லை. கண்கள் முயலிடம் போய்விட்டன. பாடல் முடிந்ததும் “இன்னொரு வாட்டி போடுங்க டீச்சர்” என்று கூச்சல். இன்னொரு முறை பாடலாம் என்று ஒரு பிள்ளையும் சொல்லவில்லை.

அந்த மகிழ்ச்சியில் குறை காண மாட்டேன். பாட்டுக் கேட்பதும் இன்பம்தான். ஆனால் கேட்கிறவரின் இன்பம் வேறு, பாடுகிறவரின் இன்பம் வேறு. இரண்டாவது இன்பத்தைத் தரவேண்டிய இடம் வகுப்பறை. இசை வகுப்பில் கருவி மூன்று வேலைகளைச் செய்ய முடியும். பிள்ளைகளுக்காகப் பாடலாம், பிள்ளைகள் பாடும்போது அடியில் நின்று தாங்கலாம், பாடி முடித்ததும் அவர்கள் குரலை அவர்களுக்கே திருப்பிக் கேட்கவைக்கலாம். முதல் வேலைக்குத்தான் நாம் செலவெல்லாம் செய்திருக்கிறோம். பிள்ளைகளை வளர்ப்பது மற்ற இரண்டும்.

*

பாடும் கருவியின் பெரிய குறை, அது காத்திருக்காது என்பது. இது கருவியோடு பிறந்த குறையும் இல்லை. வானொலிக் காலத்தில் இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939இல் பிள்ளைகள் நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்ட வேளையில், பிபிசி பள்ளிகளுக்காக ‘சிங்கிங் டுகெதர்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. அறுபது ஆண்டுகளுக்கும் மேல் அது ஓடியது. பாடல் புத்தகம் பள்ளிகளுக்கு வந்துவிடும். வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்த வகுப்பு, சேர்ந்து பாடும். நம் அகில இந்திய வானொலியின் சங்கீத சிட்சையிலும் இதே பண்பு உண்டு. ஒரு வித்வான் ஒரு வரியைப் பாடுவார், சிஷ்யர்கள் திருப்பிப் பாடுவார்கள், பிசகினால் மறுபடியும் அதே வரி. வீட்டில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவருக்கும் அந்த இடைவெளியில் பாட இடம் இருந்தது. கற்கிறவருக்கென்று விட்டுவைத்த அந்த மௌனம்தான் அந்த நிகழ்ச்சிகளின் கல்வி நுட்பம். இன்றைய பாடல் வீடியோவில் அந்த மௌனத்தைக் காணோம். காட்சி ஓடிக்கொண்டே இருந்தால்தான் பிள்ளை கவனிக்கும் என்ற பயத்தில், மூச்சு விடும் இடத்தைக்கூட இடையிசையால் நிரப்பிவிடுகிறார்கள்.

இரண்டாவது குறை கட்டை, அதாவது பாடும் சுருதியின் உயரம், பற்றியது. ஒரு கட்டையில் பாடும் ஆண்குரலின் ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் பெண்குரலுக்கு அது 196. ஏழு வயதுப் பிள்ளைக்கு இயல்பாக அமையும் சுரங்கள் ஏறத்தாழ 294 முதல் 440 வரை, அதாவது நடு ஸ்தாயியின் இரண்டு கட்டையிலிருந்து ஆறு கட்டைக்குள் அடங்கும் ஐந்தாறு சுரங்கள். ஆண்குரலில் ஒரு பாட்டைக் கேட்டு, அதை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிப் பாடவேண்டும் என்பது பெரியவர்களுக்குத் தெரிகிறது. பல சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. அவர்கள் கேட்ட இடத்திலேயே பாட முயன்று தொண்டைக்குள் உறுமுவார்கள், இல்லாவிட்டால் கத்துவார்கள். ஆண்டுவிழா மேடைகளில் திரைப்பாடல் டிராக்குக்குப் பிள்ளைகள் நரம்பு புடைக்கக் கத்துவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். அப்படிக் கத்தும் பிள்ளைக்குக் ‘குரல் இல்லை’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். கட்டை தவறாக இருந்தது என்று யாரும் அந்தப் பிள்ளையிடம் சொல்வதில்லை.

மூன்றாவது குறை கீபோர்டிடம் இருக்கிறது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. அந்தத் தடை தளர 1971 வரை ஆனது. கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் இடங்களை அதனால் வாசிக்க முடியாது, சுரங்களை இழைக்கும் கமகம் வராது என்பது அன்று சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தடை கடுமையானது, பல கலைஞர்களின் பிழைப்பைக் கெடுத்தது. ஆர்மோனியமோ நாடகத்திலும் பஜனையிலும் நிலைத்து நின்று தன்னை நிரூபித்துக்கொண்டது. ஆனாலும் அந்தப் பழைய விவாதத்துக்குள் ஓர் உண்மை இருந்தது. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்த கருவியில், அந்தர காந்தாரம் இயற்கையான சுருதியைவிடச் சற்றே ஏறி நிற்கும். பெரும்பாலான காதுகள் அதைப் பொறுத்துக்கொள்ளும். சுரத்திலிருந்து சுரத்துக்குச் செல்லும் வழிதான் முக்கியம். பாட்டி பாடும் தாலாட்டில் அந்த வழி இருக்கிறது. ஒப்பாரியிலும் தெம்மாங்கிலும் இருக்கிறது. பிள்ளைகள் சொல்லும் அந்தக் காலை வணக்கத்தின் இறக்கத்திலும் இருக்கிறது. பாடநூல் பாட்டை மட்டும் படிக்கட்டில் ஏறி இறங்குவதைப் போன்ற ஒலியில் கேட்டு வளரும் காது, வீட்டில் கேட்ட அந்த இழைவை ‘பள்ளிக்கூடத்துப் பாட்டு இல்லை’ என்று ஒதுக்கக் கற்றுக்கொள்ளும். கீபோர்டை வெளியேற்றச் சொல்லவில்லை. முதலில் பிள்ளையின் காதுக்குள் போகவேண்டியது மனிதக் குரல் என்கிறேன்.

*

தாங்கும் கருவிக்கு வருவோம். பெங்களூரின் ரேடல் நிறுவனம் 1979இல் மின்னணு சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்தபோது தம்புரா ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்தச் சின்னப் பெட்டி, தம்புரா வாங்க வசதியில்லாத, மீட்ட ஆள் இல்லாத எத்தனையோ வீடுகளில் சுருதியை நிலைநிறுத்தியது. இன்று அதே வேலையைச் செய்யும் செயலிகள் காசில்லாமல் கைப்பேசியில் கிடைக்கின்றன. பல செயலிகளுக்கு இணையமே தேவையில்லை. மலைக்கிராமத்து ஓராசிரியர் பள்ளியிலும் ஓடும்.

இதை வைத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பெரிதாகச் செலவழிக்காமல் ஒரு காரியம் செய்யலாம். காலையில் பிள்ளைகள் வணக்கம் சொல்லும்போது சுரம் காட்டும் செயலியை ஓடவிட்டு, அந்த நீண்ட கடைசி எழுத்து எங்கே நிற்கிறது என்று பார்க்கட்டும். முள் 294க்குப் பக்கம் நின்றால் இரண்டு கட்டை, 330க்குப் பக்கம் என்றால் மூன்று. அதுதான் அந்த வகுப்பு தானாகவே தேர்ந்துகொண்ட இடம். அன்றைய பாட்டை அந்த இடத்துக்கு அருகிலிருந்து தொடங்கட்டும். சுருதியை அங்கே வைத்து, ஒரு நிமிடம் வாய் மூடி முனகச் சொல்லட்டும். முதலில் சலசலப்பு இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு பெஞ்சாகச் சுருதியில் வந்து சேர்வது கேட்கும். கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கருக்குக் கீழ்ச் சுரங்கள் சரியாக வராது. ஷட்ஜம் எங்கே இருக்கிறது என்றே கடைசி பெஞ்சுக்குத் தெரியாமல் போகும். ஆகவே ஒரு சுமாரான ஸ்பீக்கர் வேண்டும். திரைக்குச் செய்யும் செலவில் மிகச் சிறு பங்குதான் ஆகும்.

சுருதியின் அருமை என்னவென்றால், அது பாடாது. பிள்ளை நின்றாலும் அது தன் இடத்திலேயே இருக்கும். தப்பான சுரத்தில் பாடினால் திட்டாது. உரசல் மட்டும் கேட்கும். அந்த உரசலைக் கேட்டுப் பிள்ளை தானாகக் குரலைச் சற்று ஏற்றியோ இறக்கியோ சேர்த்துக்கொள்ளும் கணம்தான் இசைக் கல்வியின் முதல் பாடம். சரி, தப்பு என்று சொல்ல ஆசிரியரும் தேவைப்படாத பாடம் அது. “எனக்கெல்லாம் பாட வராதுங்க” என்று ஒதுங்கும் ஆசிரியருக்கும் இது பெரிய துணை. அவர் வித்வானாக வேண்டியதில்லை. சுருதி தாங்கிக்கொள்ளும், அவர் பிள்ளைகளோடு சேர்ந்து பாடினால் போதும். சற்றே பிசகும் ஆசிரியர் குரல், பிசகே இல்லாத வீடியோவைவிட மேலானது. ஏனென்றால் அவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நிறுத்துகிறார், மூச்சுக்குக் காத்திருக்கிறார், மறந்துபோன சொல்லை எடுத்துக்கொடுக்கிறார்.

தாளத்துக்கோ நம்மிடம் கருவியே தேவைப்படாத முறை இருக்கிறது. ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எட்டு எண்ணிக்கையை உடம்பிலேயே எழுதிவைத்த ஏற்பாடு. கும்மியில் கால் அதைச் செய்கிறது, கோலாட்டத்தில் கோல் செய்கிறது. மெட்ரோனோம் செயலியைப் போட்டுவிட்டு அதன் பின்னால் பிள்ளைகளை ஓடவைப்பதற்கு முன், கையை நம்பச் சொல்லலாம். கை நிதானப்பட்ட பிறகு, செயலியை வைத்து அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

*

மூன்றாவது வேலையான கேட்கவைப்பது எனக்கு மிகவும் பிடித்தது. எல்லா ஆசிரியர் கையிலும் இருக்கும் ஒலிப்பதிவு வசதிதான் அதற்கான கருவி.

தன் குரலைப் பதிவில் முதன்முறை கேட்கும் பிள்ளை சிரிக்கும், அல்லது மறுக்கும். “இது நான் இல்ல.” நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமின்றி எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போய்ச் சேர்கிறது, பதிவில் எலும்பின் பங்கு இல்லாததால் குரல் மெலிந்து அந்நியமாகத் தெரியும். இந்த அறிவியலை அங்கேயே சொல்லிக்கொடுக்கலாம். சிரிப்பு அடங்கியபின் இரண்டாவது முறை கேட்கச் சொல்லும்போதுதான் காரியம் நடக்கிறது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “கடைசில ஓடுறோம் சார்” என்றான். முப்பது பேர் சேர்ந்து பாடும்போது வேகம் ஏறிக்கொண்டே போவதை ஆசிரியர் எத்தனையோ நாள் சொல்லியிருப்பார். அவன் அன்று அதைத் தானே கண்டுபிடித்தான். அடுத்த முறை பாடியபோது அவன் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எந்த வீடியோவும் இதை அவனுக்குத் தந்திருக்க முடியாது.

பதிவு செய்யும் விதத்திலும் கொஞ்சம் அக்கறை வேண்டும். கைப்பேசியை முன்பெஞ்சில் வைத்தால் முன்பெஞ்சுப் பிள்ளை மட்டும்தான் பாடியதாகத் தெரியும். வகுப்பின் நடுவில், ஓர் ஆள் உயரத்தில் வைக்கவேண்டும். பல செயலிகள் மெல்லிய ஒலியைத் தாமாகவே கூட்டி, பெரிய ஒலியைக் குறைத்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். பேச்சுக்கு அது வசதி. மெதுவாகத் தொடங்கிப் பொங்கி எழும் பாட்டுக்கு அது கேடு. பிள்ளைகள் பட்ட பாடு பதிவில் தெரியாது. அந்த வசதியை நிறுத்திவைக்க முடிகிற செயலியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கருவிக்குள்ளேயே ஒரு தீர்ப்பு இருக்கும் என்பதைக் கொரோனாக் காலம் காட்டியது. 2020இல் பாட்டு வகுப்புகள் கணினிக்குப் போனபோது, ஆசிரியர் பக்கம் தெளிவாக ஒலித்த தம்புரா மாணவர் பக்கம் விட்டுவிட்டுக் கேட்டது, சில வேளைகளில் காணாமலே போனது. மாறாமல் ஒலிக்கும் எதையும் மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி நீக்கும்படி அந்தச் செயலிகள் அமைக்கப்பட்டிருந்தன. நம் இசையின் அடித்தளமே அவற்றின் கணக்கில் இரைச்சல். அமைப்புகளுக்குள் போய் அந்த வசதியை அணைத்த பிறகே தம்புரா திரும்பி வந்தது. சேர்ந்து பாடுவதோ இயலாத காரியமாயிற்று. ஒலி போய்ச்சேர நொடியில் நூறில் மூன்று பங்கு தாமதமானாலே இருவர் ஒரே காலத்தில் பாடுவது தடுமாறும். இணையத்தில் தாமதம் அதைவிடப் பலமடங்கு. அந்த மாதங்களில் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தனியாகப் பாடினார்கள். பள்ளி திறந்ததும் பக்கத்துக் குரலோடு சேர்வது எப்படி என்பதைப் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது.

ஒலிப்பதிவு பாட்டோடு நின்றுவிட வேண்டியதில்லை. கனடாவின் இசையமைப்பாளர் ஆர். மரே ஷேஃபர் 1967இல் ‘இயர் கிளீனிங்’ என்ற சின்னப் புத்தகத்தை எழுதினார். சுற்றி இருக்கும் ஒலிகளைக் கூர்ந்து கேட்பதையே இசைக் கல்வியின் தொடக்கமாக்கியவர் அவர். நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பொருந்தும்! பள்ளி மணி, கிணற்று உருளை, ஐஸ்காரரின் மணி, பட்டறைச் சுத்தியல், தொழுகை அழைப்பு, கோயில் மேளம், மாதா கோயில் மணி, ஆவின் வண்டி, மழை விழும் தகரக்கூரை. ஒரு வாரம் இவற்றைப் பதிவு செய்து வரச்சொல்லி, கண்ணை மூடி எது எதுவென்று சொல்லவைத்து, மூன்று நான்கைக் கோத்து ஒரு நிமிட இசையாக அமைக்கச் சொல்லலாம். மேல்ஸ்தாயி எது, கீழ்ஸ்தாயி எது, எது சீராக ஒலிக்கிறது, எது ஒரு முறை மட்டும் என்றெல்லாம் அவர்களே பேசிக்கொள்வார்கள். கூகுளின் குரோம் மியூசிக் லேப் என்ற இலவசத் தளத்தில், குரலை நிறக்கோடுகளாகக் காட்டும் ஒரு பகுதி இருக்கிறது. ஊளையிட்டால் கோடு வளைந்து ஏறி இறங்கும்; கமகம் அலையாகத் தெரியும். அதைக் காட்டும்போது மட்டும் ஒரு விதி வேண்டும்: முதலில் கேட்டு, கோடு எப்படிப் போகும் என்று காற்றில் விரலால் வரைந்துவிட்டு, பிறகு திரையைத் திறக்கவேண்டும். கண் முந்திக்கொண்டால் காது சோம்பிவிடும்.

இந்தப் பதிவுகள் எங்கே போகின்றன என்பதும் கவலைக்குரியது. கேட்டுத் திருத்திக்கொள்ள எடுத்த பதிவு, மாலைக்குள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. பள்ளியின் பெருமையைக் காட்டும் ஆர்வம் புரிகிறது. ஆனால் வெளியே போகும் என்று தெரிந்த நொடியில் வகுப்பின் தன்மை மாறிவிடும். நன்றாகப் பாடும் நான்கு பேர் முன்னால் வருவார்கள், சுருதி சேராதவர்களை ‘சும்மா வாயசை’ என்று பின்னால் நிறுத்துவார்கள். இசை வகுப்பு அந்தப் பின்வரிசைப் பிள்ளைக்காகத்தான் இருக்கிறது. வகுப்பில் எடுத்ததை வகுப்பிலேயே கேட்டுவிட்டு அழித்துவிடுவது நல்ல வழக்கம். பிள்ளைகளின் குரலும் அவர்களின் உடைமைதான்.

*

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு என் விடை எளிது. நாளுக்கு இருபது நிமிடம் பாட்டுக்கென்று கால அட்டவணையில் ஒதுக்குங்கள். பள்ளிக்கொரு ஸ்பீக்கர் கொடுங்கள். ஆசிரியர் பயிற்சிகளில் செயலிகளை அறிமுகப்படுத்துவதோடு நிற்காமல், சுருதி வைக்கவும், பிள்ளைக்கு ஏற்ற கட்டையைக் கண்டுபிடிக்கவும், பதிவைக் கேட்கவைத்துக் கேள்வி கேட்கவும் பழக்குங்கள். பாடநூல் பாடல்களை ஒளிப்பதிவு செய்பவர்கள் ஒவ்வோர் அடிக்குப் பின்னும் பிள்ளைகள் திருப்பிப் பாட இடம் விடட்டும். பிள்ளைக் குரலிலும் பெண்குரலிலும் பிள்ளைக்கேற்ற கட்டையிலும் பதியட்டும். சுருதியும் கைத்தாளமும் மட்டும் உள்ள ஒரு வடிவத்தையும் சேர்த்துக் கொடுக்கட்டும். இதற்கெல்லாம் புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம். இருப்பதை வேறு வேலைக்கு அமர்த்தினால் போதும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கும் கலை ஆசிரியர் வேண்டும் என்ற வரி சட்டத்தில் சேரவேண்டும். திரை வந்துவிட்டதே, ஆள் எதற்கு என்ற கேள்வியை அதுவரை யாராவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். ஊரிலேயே நாகசுரம் வாசிப்பவர், பறையாட்டக் கலைஞர், தேவாரம் ஓதுபவர், சர்ச் கொயரை நடத்துபவர் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் அவர்கள் வகுப்புக்குள் வந்து உட்கார முறையான ஊதியத்தோடு வழி செய்வது, இன்னொரு திரை வாங்குவதைவிட அதிக இசையைக் கொண்டுவரும்.

தொடக்கப்பள்ளி இசை வகுப்புக்கு ஒரே ஒரு தேர்வு வைக்கலாம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கடைசி பெஞ்சுப் பிள்ளையும் சேர்ந்து அந்தப் பாட்டைச் சுருதி விலகாமல் முழுதாகப் பாட முடிகிறதா என்று பார்ப்பது. முடிந்தால் கருவி தன் வேலையைச் செய்திருக்கிறது. முடியாவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த திரையாக இருந்தாலும், அந்த வகுப்பு இன்னும் தொடங்கவில்லை.